புது மடிக்கணினித் திரையில் அணையாத ஒரு புள்ளி: எதை முதலில் செய்வது, எதைக் கடைசிக்கு வைப்பது

புதிதாக வாங்கிய மடிக்கணினியை இயக்கியவுடன், கறுப்புத் திரையின் நடுவே ஊசிமுனை அளவில் சிவப்பாகவோ பச்சையாகவோ ஒரு புள்ளி விடாமல் எரிந்துகொண்டிருந்தால், பெரும்பாலானோர் உடனே விரலை வைத்து அழுத்தித் தேய்க்கின்றனர். இலங்கையின் ஹட்டனில் சிறியதொரு கணினி வகுப்பு நடத்தும் எனக்கு இப்படித் தேய்க்கப்பட்ட திரைகள் அவ்வப்போது வந்து சேர்கின்றன. புள்ளி இருந்த இடத்திலேயே இருக்கும். அதைச் சுற்றி, அழுத்தியதால் வெளிறிப்போன வட்டமொன்று புதிதாகச் சேர்ந்திருக்கும். அந்த வட்டத்தைப் பார்த்த பிறகு எந்தக் கடைக்காரரும் திரையை மாற்றித் தரச் சம்மதிப்பதில்லை.

இந்த வேலையில் கடினமான படி எதுவும் இல்லை. ஆனால் படிகளின் ஒழுங்கு தவறினால் கடையில் மாற்றிக்கொள்ளும் உரிமையே கைநழுவிவிடும். ஆகவே, இது என்ன புள்ளி என்று அறிவது, ஆதாரம் எடுப்பது, கடைக்கு அறிவிப்பது, அதன் பின்னரே சரிசெய்ய முயல்வது என்ற வரிசையிலேயே கீழே எழுதியிருக்கின்றேன்.

1. தொடங்குவதற்கு முன் கையில் இருக்க வேண்டியவை

பெட்டி, பற்றுச்சீட்டு, உத்தரவாத அட்டை ஆகிய மூன்றையும் ஓரிடத்தில் எடுத்து வையுங்கள். பெட்டியை அடுப்புக்குப் போட்டுவிட்டு வந்து நிற்பவர்களும் உண்டு. மூக்குக்கண்ணாடியோடு தரப்படும் மெல்லிய துணி, பூதக்கண்ணாடி, அடிமட்டம், நல்ல கெமரா உள்ள கைபேசி ஆகியவையும் வேண்டும்.

இவற்றை விட முக்கியமானது, கறுப்பு, வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய ஐந்து நிறங்களில் ஐந்து வெற்றுப் படங்கள் கொண்ட பென் டிரைவ். வேறொரு கணினியில் பெயிண்ட் மென்பொருளைத் திறந்து, 1920×1080 அளவில் ஒவ்வொரு நிறத்தையும் முழுதாக நிரப்பிச் சேமித்துக்கொள்ளலாம். திரை ‘பிக்சல்’ எனப்படும் நுண்ணிய கட்டங்களால் ஆனது; ஒவ்வொரு பிக்சலுக்குள்ளும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று உறுப்புகள் உள்ளன. ஆகவே நிற எண்களைக் கையாலேயே கொடுங்கள். சிவப்புக்கு 255, 0, 0 எனவும் பச்சைக்கு 0, 255, 0 எனவும் நீலத்துக்கு 0, 0, 255 எனவும் கொடுக்கும்போதுதான் அந்தந்த நிறத்துக்குரிய உறுப்பு மட்டும் எரியும். பார்வைக்குச் சிவப்பாகத் தெரியும் ஏதோவொரு சிவப்பைத் தேர்ந்தால் மற்ற இரண்டும் இலேசாக எரிந்து பரிசோதனையைக் குழப்பிவிடும். இதே வேலைக்கு இணையத்தில் பக்கங்கள் உள்ளன என்றாலும், கடையில் வைஃபை தருவார்களா, தோட்டத்தில் சிக்னல் கிடைக்குமா என்பதை நம்பியிருப்பதை விடப் பென் டிரைவ் நிச்சயமானது.

2. இயலுமானால் கடையிலேயே பாருங்கள்

மலையகத்திலிருந்து மடிக்கணினி வாங்கப் பலர் கண்டிக்கோ கொழும்புக்கோ போகின்றனர். மஸ்கெலியாவிலிருந்து மகளோடு கொழும்புக்குப் போய் வாங்கி வந்த தகப்பனார் ஒருவர், அன்றிரவே புள்ளியைக் கண்டு, மறுபடியும் ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு அதே பயணத்தைச் செய்ய வேண்டியதாயிற்று. கடையில் ஐந்து நிமிடம் செலவிட்டிருந்தால் அந்த இரண்டாவது பயணம் தேவைப்பட்டிருக்காது.

பணம் கொடுப்பதற்கு முன்பாகவே கேட்டுவிடுங்கள்: “தம்பி, திரையில புள்ளி இருந்தா எத்தனை நாளைக்குள்ள மாத்தித் தருவீங்க? ஒரு புள்ளிக்கே மாத்துவீங்களா?” கிடைக்கும் பதிலைப் பற்றுச்சீட்டின் பின்புறத்தில் எழுதிக் கையொப்பமிட்டுத் தரச் சொல்லுங்கள். வாய்வார்த்தையாகச் சொன்னவர் அடுத்த வாரம் வேறு கிளையில் இருக்கக்கூடும். பிறகு, உங்களுக்குத் தரப்போகும் அதே இயந்திரத்தை இயக்கி ஐந்து நிறங்களையும் காட்டச் சொல்லுங்கள். காட்சிக்கு வைத்திருக்கும் இயந்திரத்தில் பார்ப்பது பயனற்றது.

3. தூசியா, பூச்சியா, புள்ளியா

வீட்டில் கண்டுபிடித்திருந்தால் முதலில் மடிக்கணினியை அணைத்துவிட்டு, மெல்லிய துணியால் அழுத்தமின்றி ஒருமுறை துடையுங்கள். தண்ணீரோ கண்ணாடி துடைக்கும் திரவமோ வேண்டாம். அவை கீழ் விளிம்பு வழியாக உள்ளே இறங்கக்கூடும்.

துடைத்தும் போகாத கருமையான புள்ளியைப் பூதக்கண்ணாடியால் பாருங்கள். 15.6 அங்குலத் திரையில் 1920×1080 பிக்சல்கள் இருந்தால் ஒரு பிக்சலின் அகலம் ஏறக்குறைய 0.18 மில்லிமீற்றர். அதற்குள் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று மெல்லிய கோடுகள் பக்கம் பக்கமாக நிற்கும். பழுதான பிக்சல் பொதுவாக நேரான விளிம்புகளைக் கொண்டு அந்தக் கோடுகளின் வரிசைக்குள் அடங்கியிருக்கும். விளிம்பு கோணலாகவும், பல பிக்சல்களின் மேல் படர்ந்தும் இருந்தால் அது வேறு ஏதோ ஒன்று.

அந்த வேறொன்று உயிருள்ளதாகவும் இருக்கலாம். மழை ஓய்ந்த மாலைகளில் விளக்கொளிக்கு வரும் பொடிப்பூச்சிகளும், ஒரு மில்லிமீற்றர் அளவேயான இலைப்பேன்களும் திரையின் ஓர இடுக்கு வழியாக உள்ளே நுழைந்து, ஒளியைப் பரப்பும் தாள்களுக்கிடையில் ஊர்வதுண்டு. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இடத்தை அடிமட்டத்தால் அளந்து பாருங்கள், நகர்ந்திருந்தால் பூச்சிதான். அதை எக்காரணம் கொண்டும் அழுத்த வேண்டாம். நசுங்கினால் அது நிரந்தரக் கறையாகிவிடும். திரையை அணைத்து, அருகில் மேசை விளக்கொன்றை ஏற்றி இரவு முழுவதும் விட்டால், வெளிச்சத்தை நாடித் தானாக வெளியே வர வாய்ப்புண்டு.

நுவரெலியாப் பக்கத்தில் இருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பனி இறங்கிய இரவில் பஸ்ஸில் கொண்டு வந்த மடிக்கணினியை, அடுப்பெரியும் சூடான அறைக்குள் கொண்டுவந்ததும் இயக்கக் கூடாது. குளிர்ந்த பொருளின் மேல் ஈரம் படியும். பைக்குள்ளேயே அரை மணி நேரத்துக்கு மேல் விட்டு, அறையின் வெப்பத்துக்கு வந்த பின் இயக்குங்கள். திரைக்குள் ஒளியைக் கட்டுப்படுத்தும் திரவப் படிகம் குளிரில் மந்தமாகவே அசையும் என்பதால், இயக்கிய பிறகும் கால் மணி நேரம் எரியவிட்ட பின்னரே திரையைப் பற்றி முடிவுக்கு வரலாம்.

4. ஐந்து நிறங்களையும் வரிசையாகக் காட்டுதல்

அறையின் விளக்கை அணைத்து, திரையின் வெளிச்சத்தைக் கூட்டி, படங்களை ஒவ்வொன்றாக முழுத்திரையில் திறவுங்கள். முதலில் கறுப்பு, பிறகு வெள்ளை, அதன் பின் சிவப்பு, பச்சை, நீலம். ஒவ்வொரு நிறத்திலும் திரையை நான்கு பகுதிகளாக மனதில் பிரித்துக்கொண்டு, இடமிருந்து வலமாக மெதுவாகப் பார்த்து, கண்டதை உடனே தாளில் எழுதுங்கள்.

வெள்ளையில் மட்டும் பார்த்துவிட்டு “புள்ளி போய்விட்டது” என்று மகிழ்வதுதான் புதியவர்கள் செய்யும் பெரிய பிழை. வெள்ளை நிறத்தில் மூன்று உறுப்புகளும் எரிய வேண்டியவை. எனவே எப்போதும் எரிந்துகொண்டிருக்கும் உறுப்பு அங்கே கூட்டத்தில் கலந்து மறைந்துவிடும். அதைக் காட்டிக்கொடுப்பது கறுப்புத் திரை. அதேபோல, எப்போதும் அணைந்திருக்கும் உறுப்பு கறுப்பில் ஒளிந்துகொண்டு வெள்ளையில் வெளிப்படும்.

எழுதியதை இப்படி வாசிக்க வேண்டும். கறுப்பில் சிவப்பு, பச்சை அல்லது நீலமாகத் தெரிந்தால், அந்த ஒரு உறுப்பு எரிந்த நிலையிலேயே நின்றுவிட்டது. கடைக்காரர்கள் ‘ஸ்டக் பிக்சல்’ என்று சொல்வது இதைத்தான். கறுப்பில் மஞ்சளாகத் தெரிந்தால் சிவப்பும் பச்சையும் சேர்ந்து நின்றுவிட்டன. வெள்ளையாகத் தெரிந்தால் மூன்றும் நின்றுவிட்டன. மாறாக, வெள்ளையில் மஞ்சள் புள்ளியாகத் தெரிந்தால் நீலம் எரியவில்லை. இளநீலப் பச்சையாகத் தெரிந்தால் சிவப்பு எரியவில்லை. ஊதா கலந்த சிவப்பாகத் தெரிந்தால் பச்சை எரியவில்லை. எல்லா நிறங்களிலும் கருமையாகவே இருந்தால் முழுப் பிக்சலும் செயலற்றுவிட்டது; இதற்கு ‘டெட் பிக்சல்’ என்று பெயர்.

மஞ்சள் புள்ளி என்று மட்டும் கடைக்குச் சொன்னால் அது இரண்டு வேறுபட்ட பழுதுகளைக் குறிக்கும் என்பதைக் கவனியுங்கள். எந்தப் பின்னணியில் மஞ்சள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். கீழே வரும் சரிசெய்யும் முறை எரிந்தபடி நிற்கும் உறுப்புகளுக்கே ஓரளவு பலன் தருகின்றது. அணைந்துபோனவற்றுக்கு அதில் அதிகம் எதிர்பார்க்க வேண்டாம்.

5. பழுது திரையில்தானா என்பதை உறுதிசெய்தல்

புள்ளி தெரியும்போதே விண்டோஸ் விசையையும் பிரிண்ட் ஸ்கிரீன் விசையையும் சேர்த்து அழுத்தி ஒரு ஸ்கிரீன்ஷொட் எடுத்து, அதைக் கைபேசிக்கு அனுப்பிப் பாருங்கள். கைபேசியிலும் அதே இடத்தில் புள்ளி தெரிந்தால் பழுது மென்பொருளில் உள்ளது. தெரியாவிட்டால் சந்தேகம் திரையின் பக்கம் திரும்புகின்றது. ஸ்கிரீன்ஷொட்டை அதே மடிக்கணினியில் திறந்து பார்த்துவிட்டு “படத்திலும் இருக்கிறதே” என்று சொன்ன மாணவர்கள் ஒருவர் இருவர் அல்லர். அந்தத் திரையில் எதைத் திறந்தாலும் புள்ளி தெரியத்தானே செய்யும்.

எச்.டி.எம்.ஐ. கம்பி கிடைத்தால் தொலைக்காட்சியிலும் இணைத்துப் பாருங்கள். அங்கே புள்ளி வராவிட்டால் கிராபிக்ஸ் பகுதி நலமாக உள்ளது என்று பொருள். இரண்டில் ஒன்றைச் செய்தாலே போதும்.

6. ஆதாரம் எடுத்தல்

கறுப்புத் திரையில் கைபேசிக் கெமரா குழம்பிப்போய் எல்லாவற்றையும் மங்கலாக்கும். புள்ளியின் மேல் தொட்டு ஃபோகஸைப் பூட்டி, வெளிச்சத்தைக் குறைத்து, ஒரு முழம் தூரத்திலிருந்து சற்றுப் பெரிதாக்கி எடுங்கள். பிக்சல் வரிசைகளே அலையலையான கோடுகளாகப் பதிந்து புள்ளியை மறைத்தால், தூரத்தைச் சற்று மாற்றி எடுங்கள். திரையின் இடது விளிம்பிலிருந்தும் மேல் விளிம்பிலிருந்தும் எத்தனை சென்ரிமீற்றர் என்று அளந்து எழுதி வையுங்கள்; பிறகு புதிதாக ஒரு புள்ளி தோன்றினால் இரண்டையும் பிரித்தறிய இந்த அளவு உதவும்.

இவற்றோடு, வெட்டாத ஒரே வீடியோவும் எடுங்கள். மடிக்கணினியின் அடிப்புறத்திலுள்ள தொடரிலக்க ஸ்டிக்கரில் தொடங்கி, அப்படியே திருப்பி, ஐந்து நிறங்களிலும் புள்ளியைக் காட்டி முடியுங்கள். இந்தப் பழுது இந்த இயந்திரத்தினுடையதுதான் என்பதை அந்த ஒரு நிமிட வீடியோ நிரூபிக்கும்.

7. கடைக்கு அறிவித்தல்

சரிசெய்ய முயல்வதற்கு முன்பே அறிவியுங்கள். காரணம் எளியது: கடை தரும் மாற்றிக்கொள்ளும் கால எல்லை வேறு, தயாரிப்பாளரின் உத்தரவாதம் வேறு. முதலாவது பெரும்பாலும் சில நாட்களே நீடிக்கும். நீங்கள் வீட்டில் முயன்று புள்ளி தற்காலிகமாக மறைந்து, அந்த நாட்கள் கடந்த பின் திரும்பி வந்தால், கையில் எதுவும் இராது. தொலைபேசியில் சொல்வதோடு நின்றுவிடாமல், படங்களையும் வீடியோவையும் வட்ஸ்அப்பிலோ மின்னஞ்சலிலோ அனுப்புங்கள்; திகதியோடு கூடிய பதிவு அதுதான்.

ஒரு புள்ளிக்காகவே திரையை மாற்ற எல்லாத் தயாரிப்பாளர்களும் கட்டுப்பட்டவர்கள் அல்லர் என்பதையும் தெரிந்து வைத்திருப்பது நல்லது. 1920×1080 திரையில் 2,073,600 பிக்சல்கள், அதாவது 6,220,800 உறுப்புகள் உள்ளன. இவற்றில் சில பழுதாவதைத் தொழில்துறை ஏற்கனவே கணக்கில் எடுத்துள்ளது. 2001 இல் வெளிவந்த ஐ.எஸ்.ஓ. 13406-2 என்ற சர்வதேசத் தரநிலையின் இரண்டாம் வகுப்பு, பத்து இலட்சம் பிக்சல்களுக்கு, எப்போதும் எரியும் முழுப் பிக்சல் 2, எப்போதும் அணைந்த முழுப் பிக்சல் 2, உறுப்பளவிலான பழுதுகள் 5 என்று அனுமதித்தது. 2008 இல் ஐ.எஸ்.ஓ. 9241-307 அதன் இடத்தைப் பிடித்தது. ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென்று ஓர் எண்ணிக்கையை உத்தரவாத அட்டையிலோ இணையத்தளத்திலோ வெளியிடுவதுண்டு. உங்கள் மாதிரிக்குரியதை வாசித்துவிட்டே பேசுங்கள். எண்ணிக்கைக்குக் கீழே இருந்தாலும், வாங்கிய அதே வாரத்தில் பணிவாகவும் ஆதாரத்தோடும் கேட்டால் கடைக்காரர் தம் சொந்த முடிவில் மாற்றித் தருவதை நான் பார்த்திருக்கின்றேன். சண்டை பிடித்தவர்களுக்குக் கிடைத்ததைப் பார்த்ததில்லை.

எழுத்தில் தந்த வாக்குறுதியையே கடை மறுத்தால், 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற எண்ணுக்கு அழைக்கலாம். பொருளை வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதங்களுக்குள் முறைப்பாட்டை எழுத்தில் கொடுக்க வேண்டும்.

மத்திய கிழக்கில் வேலை செய்யும் உறவினர் வாங்கி அனுப்பிய மடிக்கணினியாயின், அதன் உத்தரவாதம் வாங்கிய நாட்டுக்குள் மட்டும் செல்லுபடியாவதாக இருக்கலாம். தொடரிலக்கத்தைத் தயாரிப்பாளரின் இணையத்தளத்தில் இட்டுப் பார்த்துவிட்டு அடுத்த படிக்குச் செல்லுங்கள்.

8. நிறங்களை மாற்றி மாற்றி மினுக்கவைத்தல்

ஒவ்வொரு உறுப்பையும் ஒரு நுண்ணிய டிரான்சிஸ்டர் இயக்குகின்றது. அது தரும் மின்னழுத்தத்துக்கு ஏற்பத் திரவப் படிகம் திரும்பி ஒளியை விடுகின்றது அல்லது தடுக்கின்றது. படிகம் ஒரே நிலையில் நின்றுவிட்டதுதான் பிரச்சினையென்றால், வினாடிக்குப் பல தடவை நிறத்தை மாற்றும்போது அது மீண்டும் அசையத் தொடங்கலாம். டிரான்சிஸ்டரே பழுதாகியிருந்தால் எத்தனை நாள் மினுக்கினாலும் பயனில்லை. வெளியிலிருந்து பார்த்து இவ்விரண்டையும் பிரிக்க முடியாததால் முயன்றுதான் பார்க்க வேண்டும். இம்முறை திரையைத் தொடாததால் உத்தரவாதத்துக்கும் கெடுதல் இல்லை.

வலிப்பு நோய் உள்ளவர்கள் இந்த மினுக்கலைப் பார்க்கவே கூடாது. சிறுவர்கள் உள்ள வீட்டில் மடிக்கணினியைச் சுவர்ப்பக்கம் திருப்பி வையுங்கள். மூடியை மூடினால் கணினி உறக்க நிலைக்குப் போய்விடும் என்பதால் திறந்தபடியே இருக்க வேண்டும்.

முதலில் பவர் அமைப்புக்குச் சென்று, திரை அணையும் நேரம், உறங்கும் நேரம் இரண்டையும் ‘ஒருபோதும் இல்லை’ என்று மாற்றுங்கள். இரவு முழுவதும் ஓடியதாக நினைத்து, உண்மையில் பத்து நிமிடத்தில் திரை அணைந்துபோன கதைகளே அதிகம். பிறகு ஜேஸ்கிரீன்ஃபிக்ஸ் என்ற இணையப் பக்கத்தைத் திறந்து, மினுக்கும் சிறு சதுரத்தைப் புள்ளியின் மேல் சரியாக இழுத்து வையுங்கள். யூடியூப்பிலும் இதற்கென்று வீடியோக்கள் உண்டு; ஆனால் மணிக்கணக்காக ஓடவிட்டால் டேட்டா கரைந்துவிடும் என்பதோடு, சுருக்கப்பட்ட வீடியோவில் நிறங்களும் தூய்மையாக வருவதில்லை.

முதல் தடவை 10 நிமிடங்கள் ஓடவிட்டு, நிறுத்தி, கறுப்புப் படத்தில் பாருங்கள். மாற்றமில்லையென்றால் அரை மணி நேரம். அதன் பிறகு சில மணி நேரம். ஒவ்வொரு சுற்றுக்குப் பின்னும் திரையை அணைத்து ஆறவிடுங்கள். புள்ளி மங்கினாலோ விட்டுவிட்டு எரிந்தாலோ அது நல்ல அறிகுறி. அதே முறையைத் தொடரலாம். இரண்டு மூன்று நாட்களாகியும் எந்த அசைவும் இல்லாவிட்டால் நிறுத்திவிடுங்கள்.

மார்ச், ஏப்ரல் மாதங்களிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பிற்பகலில் இடி முழங்கத் தொடங்கினால் சார்ஜரைச் சுவரிலிருந்து கழற்றிவிட்டு பெட்டரியில் ஓடவிடுங்கள். ஒரு புள்ளிக்காக முழுக் கணினியையும் இழக்க வேண்டாம்.

9. அழுத்தும் முறை

கடையும் தயாரிப்பாளரும் மாற்ற முடியாது என்று எழுத்தில் சொன்ன பிறகே இதை எண்ணிப் பார்க்க வேண்டும். தொடுதிரைக்கும், ஒவ்வொரு பிக்சலும் தானே ஒளிரும் ஓலெட் திரைக்கும் இது ஆகவே ஆகாது. என் சொந்தக் கருத்து, தெரிந்தவர் கையால் செய்தாலும் இதில் கெடுவதற்கே வாய்ப்பு அதிகம் என்பதுதான்.

செய்தே தீர வேண்டுமென்றால், கணினியை அணைத்து, மூடியின் பின்புறத்தை ஒரு கையால் தாங்கி, நான்காக மடித்த மெல்லிய துணியை அளந்து வைத்த இடத்தில் வையுங்கள். பென்சிலின் அழிறப்பர் முனையால், பேரிக்காய் பழுத்துவிட்டதா என்று விரலால் தொட்டுப் பார்க்கும் அளவு மட்டும் அழுத்தியபடி, இன்னொருவரைக் கணினியை இயக்கச் சொல்லி, ஐந்து வினாடியில் கையை எடுத்துவிடுங்கள். இரண்டு தடவைக்கு மேல் வேண்டாம். தட்டுவதும் வெந்நீர்த் துணி வைப்பதும் முடி உலர்த்தியால் சூடு காட்டுவதும் உள்ளிருக்கும் தாள்களை நெளியவைக்கும்.

10. போகாத புள்ளியோடு வேலை செய்வதும் திரையை மாற்றுவதும்

எரிந்தபடி நிற்கும் புள்ளி வெள்ளையில் மறையும் என்று பார்த்தோம். ஆகவே அத்தகைய திரையில் விண்டோஸின் வெளிர் தோற்றத்தையும், அணைந்த புள்ளியுள்ள திரையில் கருந்தோற்றத்தையும் தேர்ந்தெடுத்தால் பெரும்பாலான நேரம் அது கண்ணில் படாது. என் வகுப்பிலுள்ள ஒரு மடிக்கணினியின் இடது கீழ் மூலையில் நீலப் புள்ளியொன்று இருக்கின்றது. சொன்னால் தவிர மாணவர்கள் யாரும் கவனிப்பதில்லை.

புள்ளி நடுவில் இருந்து, படத் தொகுப்பு போன்ற வேலைக்கு இடைஞ்சலானால், திரைப் பலகையை மாற்றுவதே வழி. மாதிரிப் பெயரை மட்டும் சொல்லிப் பலகை வாங்கக் கூடாது. ஒரே மாதிரிக்குள் வேறு வேறு பலகைகள் பொருத்தப்பட்டிருக்கும். பழைய பலகையின் பின்புற ஸ்டிக்கரிலுள்ள பகுதி எண்ணையும், இணைப்பியில் 30 ஊசிகளா 40 ஊசிகளா என்பதையும் பழுதுபார்ப்பவரிடம் படமெடுத்துத் தரச் சொல்லி, அதற்கேற்ப வாங்குங்கள். புதிய பலகையைக் கம்பியில் மாட்டியதும், ஓரச் சட்டத்தை ஒட்டுவதற்கு முன்பே, அதே பென் டிரைவைச் செருகி ஐந்து நிறங்களையும் பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.